பதினோரு சாம்பல்

குவைஃபாத் எல்லையில் ட்ரெய்லர்கள் நாலு வரிசை.
எனக்கு முன்னால் வெங்காயம், அதற்கு முன்னால் தரை ஓடு,
அதற்கும் முன்னால் வெறும் புழுதி.
எஞ்சினை அணைத்தால் வெயில், அணைக்காவிட்டால் டீசல்.
நான் ஊசியை எடுப்பேன்.

தேராவில் ஒரு மூலைக்கடை, ஒன்பது திர்ஹாம்.
பெட்டி கசங்கியிருந்ததால் விலை குறைத்திருந்தார்கள்.
மழை பெய்யும் தெரு, மஞ்சள் குடை ஒன்று,
மீதியெல்லாம் சாம்பல்:
பதினோரு வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.
சிகரெட்டை விட்ட வாரம் அது.
கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது,
பெரிய காரணம் ஒன்றுமில்லை.

ஸர்வர் கான் கதவைத் தட்டி எட்டிப் பார்த்துவிட்டு
கேபின் குலுங்கச் சிரித்தான்.
அடுத்த மாதம் அவன் சட்டைப் பொத்தானை
நான்தான் தைத்துக் கொடுத்தேன்.
அதற்கடுத்த மாதம்
குடை எப்போது வரும் என்று கேட்டான்.

டாஷ்போர்டு வெளிச்சத்தில்
413-ம் 414-ம் ஒன்றுதான்.
விடிந்தபின் வேறு.
இரண்டு இரவு போட்டதை
ருவைஸ் பெட்ரோல் பங்க் நிழலில் உட்கார்ந்து பிரித்தேன்.
தைப்பதைவிடப் பிரிப்பது மெதுவான வேலை,
துணிக்கு வலிக்கக் கூடாதே.
இனி ராத்திரியில் மஞ்சள் மட்டும் என்று வைத்தேன்.
மஞ்சள் நாலே இரவில் முடிந்தது.
பிறகு தூங்கினேன்.

முடிச்சுப் போடக் கூடாது.
நூலின் நுனியை நூலுக்கடியிலேயே ஒளிக்கணும்.
மேல்கால் எல்லாம் ஒரே பக்கம் சாயணும்.
இது தெரியாமல் இடது மூலையை
இரண்டு விதமாகவும் போட்டிருக்கிறேன்;
சாய்வெயில் விழும்போது
அங்கே மட்டும் மழை காற்றில் திரும்புகிறது.
அதை அப்படியே விட்டேன். சோம்பல்தான்.

கோமளாவோடு போனில் சண்டை,
காம்பவுண்டுச் சுவரை அரையடி உள்ளே தள்ளுவதா வேண்டாமா என்று.
வைத்த கையோடு ஊசியை எடுத்தேன்.
ரொட்டிக் கடைச் சுவரில் விரலை ஓட்டினால் தெரியும்:
நூல் இறுகி, துணி சுருங்கி,
கண்ணியெல்லாம் வாய் பிளந்து.
சம்பளம் நின்ற மூன்று மாதமும் அப்படித்தான்,
நடைபாதை முழுக்க.
தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.
விரலுக்குத் தெரியும்.
இப்போதெல்லாம் போனை வைத்ததும்
வண்டியை ஒரு சுற்று சுற்றி, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

விடியலில் தார்ச்சாலை 318.
தூசி கிளம்பிய மதியம் 648.
உப்புப் பூத்த சப்கா நிலம் 762,
ஓரத்தில் கொஞ்சம் 415.
பன்னிரண்டு வருஷம் இதே சாலையில் போனவன்
இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பத்தாவதில் கணக்கு வாத்தியார்
என் நோட்டில் சிவப்பில் போட்டது இதே குறி.
இருபத்தோராயிரத்துச் சொச்சம் போட்டாயிற்று,
தப்பு தப்பு தப்பு என்று.
ஒரு தெரு நனைந்திருக்கிறது.

நாலு வருஷம், இரண்டு கம்பெனி, ஒரு மூக்குக் கண்ணாடி.
மூன்று தையல் பாக்கி இருக்கையில்
வரிசை நகர்ந்தது.
பின்னால் ஹாரன்.
ஊசியைச் சட்டைப்பையில் குத்திவிட்டு
நாற்பது மீட்டர். ஒரு தையல்.
முப்பது மீட்டர். இன்னொன்று.
கடைசியை ஸ்கேனர் வாசலில்,
ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு.
ஹாரன் அடித்தவன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான்.

என்ன இது, என்றார் அதிகாரி.
மத்தர், என்றேன், தெரிந்த அரபியில்.
அவர் துணியைத் திருப்பினார்.
நூல் தாவிய இடம், திரும்பி வந்த இடம்,
ஒளித்தும் ஒளியாத நுனிகள்.
முன்பக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.
முத்திரை விழுந்தது, தாளில்தான்.

அடுத்த வாரம் அதே வரிசை.
ஸர்வர் கான் ஏறி உட்கார்ந்து
அடுத்தது என்ன என்றான்.
ஒன்றுமில்லை என்றேன்.
கட்டைவிரல் மட்டும் ஸ்டீயரிங் உறையில்
இப்படி ஒரு கோடு, அப்படி ஒரு கோடு,
மேல்கால் வலப்பக்கம் சாய.