அடிச்சிடுங்க

முதல் தகவல் அறிக்கையில் தக்காளி
கிலோ தொண்ணூற்றாறு ரூபாய்.
பதினான்கு கிரேட், ஒன்றுக்கு இருபத்தைந்து கிலோ.
ஆக முப்பத்து மூவாயிரத்து அறுநூறு என்று
ஸ்டேஷன் ரைட்டர் கூட்டி, அடியில் கோடிட்டு,
அந்தக் கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடும் இட்டிருந்தார்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது முப்பத்தொன்பதாம் நாள்.
அதற்குள் பாலக்கோடு மார்க்கெட்டில்
கிலோ நாலு ரூபாய்.
பறிகூலிக்கே கட்டாதென்று
மாரண்டஅள்ளி ரோட்டோரம்
டிராக்டர் டிராக்டராய்க் கொட்டிவிட்டுப் போனார்கள்.
மாடுகள் முகர்ந்து பார்த்து நகர்ந்தன.

திருடியதாகச் சொல்லப்படும்
(இந்தச் 'சொல்லப்படும்' இல்லாமல் நான் யாரையும் அடிப்பதில்லை)
நஞ்சப்பன், வயது முப்பத்தொன்று,
லோடு ஏற்றுகிறவன்,
தருமபுரி கிளைச் சிறையில் இருந்தான்.
கைப்பற்றிய சொத்து
ஸ்டேஷன் பின்கட்டில் நாலு நாள் ஒழுகி நாறி
இப்போது ஆறு போட்டோவாக இருந்தது.

பிரிவு எண்ணை விரல் பழையபடியே அடித்தது.
முந்நூற்று எழுபத்தொன்பது.
அழித்தேன். முந்நூற்று மூன்று, உட்பிரிவு இரண்டு.
சட்டம் மாறியது விரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அரசு வக்கீல் எழுந்தார்.
"பெருமதிப்புள்ள பொருள். விட்டால் சாட்சியைக் கலைப்பான்.
தலைமறைவாகிவிடுவான்."
சாட்சி, மண்டிக்காரர். மூன்று மண்டி அவருக்கு.
தலைமறைவாவதற்கு
நஞ்சப்பனுக்கு யார் பஸ் காசு தருவது என்று நினைத்தேன்.
நினைப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

அம்மா சொல்லச் சொல்ல அடித்தேன்.
மனு அனுமதிக்கப்படுகிறது.
பத்தாயிரம் ரூபாய் வீதம் இரு நபர் பிணை.
தினமும் காலை பத்தரைக்குக் கையொப்பம்.
வராண்டாவில் அவன் மனைவி பச்சையம்மாள்
தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.
வீட்டுவரி ரசீதோடு வந்து நிற்க
அவளுக்கு ஒரு நபர்கூட இல்லை என்பது
அவள் தூணைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

அம்மா நிறுத்தினார்.
மேசைக்கடியில் தன் செருப்பைப் பார்த்தார்.
ஓரத்தில் தோல் ஒன்று, சிவந்து,
விதையோடு காய்ந்து ஒட்டியிருந்தது.
"இன்னைக்கு என்ன விலை?"
யாரைக் கேட்கிறார் என்று தெரியாமல் வக்கீல்கள் கட்டைப் புரட்டினார்கள்.
டவாலிதான் சொன்னார்: "நாலு, அம்மா."

"அந்த இரு நபர். அதை அடிச்சிடுங்க."

அடி என்றால், தட்டச்சு செய்.
அடி என்றால், கோடிழுத்து நீக்கு.
இருபத்திரண்டு வருடமாய் இரண்டையும் செய்கிறேன்,
ஒருநாளும் தடுமாறியதில்லை.
அன்று ஒரு மூச்சு நேரம்
ஒரு மனிதனின் முப்பத்தொன்பது நாளும்
என் சுண்டுவிரல் நுனியில் வந்து நின்றது.
விருப்புரிமை என்ற சொல்லை
ஆயிரம் உத்தரவில் அடித்திருக்கிறேன்.
கனக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

"எழுதவா அம்மா, எடுக்கவா?"
"எடுங்க. சொந்தப் பிணை போதும்."

அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
இரு நபரும் பின்பக்கமாக நடந்து
எழுத்தெழுத்தாய்க் காணாமல் போனார்கள்.
உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பூட்டிவிட்டார்கள்.
நாற்பதாம் நாள் காலைதான் விட்டார்கள்.

அன்று பிற்பகல் இன்னொரு மனு.
கிணற்று மோட்டாரில் உருவிய செம்பு ஒயர்.
பத்தாயிரம், இரு நபர்.
அம்மா சொன்னார், அடித்தேன்.
செம்பு விலையை யாரும் கேட்கவில்லை.

வழக்கமாக அம்மா தருமபுரியிலிருந்து வருவார்.
அன்று திங்கட்கிழமை.
ஓசூரில் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு
மாரண்டஅள்ளி வழியாக வந்திருக்கிறார்;
வண்டி வழுக்கி, இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தாராம்.
டிரைவர் டீக்கடையில் சொன்னது.
கேஸ் கட்டில் இது இல்லை.