முன், பின்

நாங்கள் விற்பது ஒரு பொருளல்ல,
ஒன்று இல்லாமற் போவது.
அதை எப்படிப் படமெடுப்பது?

கேக் செய்கிற மிதுலாவுக்கு இந்தக் கவலை இல்லை.
ஐசிங்கில் ஒரு பூவைத் திருகுவாள்,
யன்னலோரம் தட்டை நகர்த்துவாள்,
நாலாயிரம் பேர் இதயம் போடுவார்கள்.
எங்களிடம் இருப்பது
பழைய ஃபோர்ட் பிக்அப், அதன் முகத்தில் கட்டிய மஞ்சள் அலகு,
இரண்டு சவள், அரை மூட்டை உப்பு,
வின்னிபெக்கின் விடிகாலை நாலு மணிக்கு
மைனஸ் முப்பத்தொன்றில்
சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகிற ஃபோன்.

அதைச் சட்டைக்குள் வைத்து உயிர்ப்பித்து
வீட்டுக்கு இரண்டு படம் எடுப்பேன்.
பனி மூடிய வாசல்: முன்.
தார் தெரிகிற வாசல்: பின்.
இடையில் போன நாற்பது நிமிடமும்
யோகரூபனின் நாரிப்பிடிப்பும்
எதிலும் விழாது.

ஏழு மணிக்கு டோனட் கடை. அங்கே இடைவேளையில்
இன்ஸ்டாவில் ஏற்றுவேன்.
விறைத்த விரல் ஒருநாள் எழுத்தை மாற்றிப்போட்டு
பனி அகற்றல் 'பணி அகற்றல்' ஆனது.
"உங்களுக்கும் வேலை போட்டுதோ?" என்று
பிரம்ப்டனிலிருந்து ஒருவர் துக்கம் விசாரித்தார்.

முதல் மாதம் பதினேழு பேர் தொடர்ந்தார்கள்.
ஆறு பேர் சொந்தம். ஒருவரிடமும்
பனி விழுகிற வாசல் இல்லை.
'பின்' படத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
'முன்'னுக்கே அத்தனை இதயமும்.
"ஐயோ, என்ன வடிவு!" கொழும்பிலிருந்து ஒரு மச்சாள்.
அந்த வடிவைத்தான் மச்சாள்,
தடவைக்கு நாற்பது டொலருக்கு
அள்ளி எறிகிறோம்.

பெப்ரவரியில் ஒரு செய்தி வந்தது.
மெக்ரிகர் தெரு, சின்னப் பச்சை வீடு,
திருமதி ஒலெக்சியுக்.
மாத ஒப்பந்தம். காசோலையைத் தபாலில் அனுப்புகிறவ.
அவவிடம் இன்ஸ்டா இருக்குமென்று நான் நினைக்கவேயில்லை.
"பன்னிரண்டாம் திகதி போட்ட 'முன்' படம்,
அதை அழித்துவிட்டீர்களா?"

அழித்துவிட்டேன்தான்.
கோணலாயிருந்தது. ஓரத்தில் எங்கள் உப்பு மூட்டை வேறு.
ஃபோனின் குப்பைக்கூடைக்குள் கைவிட்டு மீட்டேன்.
விரலால் பெருப்பித்தேன்.
வாசற்படியிலிருந்து வீதிவரை
ஒரு சோடிச் சப்பாத்துத் தடம்.
இடது கால் கொஞ்சம் இழுபட்டிருந்தது.
போன தடம் மட்டும். வந்த தடம் இல்லை.

நாற்பது நிமிடத்தில் யோகரூபன் அதை
வேலி மூலையில் குவித்துவிட்டிருந்தான்.
நல்ல வேலை. குறை சொல்ல ஏலாது.
'பின்' படத்தில் தார் பளிச்சென்று கிடக்கிறது.

யாருடையது என்று நான் கேட்கவில்லை.
முழு அளவில் அனுப்பினேன்,
வெளிச்சத்தைக் கூட்டாமல், கோணலை நிமிர்த்தாமல்,
மூலையில் ஒட்டியிருந்த எங்கள் கடைப்பெயரை மட்டும் எடுத்துவிட்டு.
பதிலுக்கு ஒரு பெருவிரல் வந்தது.
அடுத்த மாதக் காசோலை வழமைபோல,
முத்திரை கொஞ்சம் சரிந்து.

இப்போதெல்லாம் அலகை இறக்குமுன்
யோகரூபன் வண்டியை ஒருக்கால் நிறுத்துகிறான்.
"எடுத்திட்டியோ?"
இருட்டென்றாலும் எடுக்கிறேன்.
ஒரு பூனை போன வழி,
பேப்பர் போடுகிற பெடியனின் குறுக்குப் பாய்ச்சல்,
யாரோ சறுக்கி விழுந்து
கைகளை ஊன்றி எழும்பிய இடம்.
முக்கால்வாசியை நான் ஏற்றுவதில்லை.
பின்தொடர்கிறவர்கள் இருநூற்றிமூன்றிலேயே நிற்கிறார்கள்.

இனி இடமில்லை என்கிறது ஃபோன்.
நாளைக்கு இருபது சென்ரிமீற்றர் என்கிறது வானிலை.
உப்பு வாங்கவேணும்.