சுழி

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம்.
முதலாளி பெயர் அர்த்தநாரி.
பெயரிலேயே பாதி இருக்கிறது என்று
கடைப்பையன்கள் சொல்வார்கள், மெதுவாக.

பாதி பில்லில். பாதி கச்சாவில்.
நீல நோட்டு ஆடிட்டருக்கு,
சிவப்பு நோட்டு எடைக்கல் பெட்டிக்குள்.
பதினோரு வருஷமாக இரண்டையும் எழுதுகிறவள் நான்.
முதல் பக்கத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி
நடுவில் பிள்ளையார் சுழி போடுவதும் நான்தான்,
இரண்டிலும்.

கெட்டவரில்லை.
கொலுசுக்கு மணி பற்றவைக்கிறவர்களுக்கு
சனிக்கிழமைக் கூலி ஞாயிறானதில்லை.
டச் குறைத்து விற்றதில்லை, ஒரு புள்ளிகூட.
“வாங்குறவங்க வயிறெரியக் கூடாதுங்க.
அம்மன் பாத்துட்டிருக்கா.”

ஆடியில் மாரியம்மனுக்குப் பாதக் கவசம் செய்தார்.
ஒன்றரைக் கிலோவும் நாலு கிராமும்.
ரசீது எழுதிய பெண் நாலு கிராமை விட்டுவிட்டாள்.
வெயிலில், வரிசையில் மறுபடி நின்று
திருத்தி வாங்கி வந்தார்.
“சாமி கணக்கு. விடலாமா?”

அந்த வெள்ளி வந்தது
சிவப்பு நோட்டு, முப்பத்தெட்டாம் பக்கம்.

அன்று சாயங்காலம் மழை.
லீ பஜார் பக்கம் முழங்கால் தண்ணீர்.
நின்றுபோன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே
“வரிப்பணமெல்லாம் எங்கதான் போகுதோ” என்றார்.
நான் குடையைத் தாழ்த்திப் பிடித்தேன்,
முகம் தெரியாதபடி.

ஏப்ரலில் புது நோட்டுகள்.
நீலத்தில் சுழி போட்டேன்.
சிவப்பில் மஞ்சளோடு நிறுத்திக்கொண்டேன்.
மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

“ஏம்மா, இதுல பிள்ளையார் இல்ல?”

“அவர எதுக்குங்க சாட்சிக்குக் கூப்பிடணும்.”

கோபப்படவில்லை. காபி வந்தது, குடித்தார்.
தராசின் கண்ணாடிக் கதவை
மூடினார், திறந்தார், மூடினார்.

மறுநாள் சிவப்பு நோட்டில் சுழி இருந்தது.
அவர் கை. கோணலாக,
பாதியில் நின்று பிறகு முடித்தது போல.

நான் மட்டும் என்ன?
என் சம்பளத்திலும் பாதி கவரில்தான் வருகிறது.
ஜூலை முடியப்போகும் ஒரு ராத்திரி
என் படிவத்தின் அந்தக் கட்டத்துக்கு முன்
உட்கார்ந்திருக்கிறேன்.
முழுதாய் எழுதினாலும் எனக்கு வரி வராது.
வந்தால் அவருக்குத்தான் வரும்,
ஆளாக, கேள்வியாக.
எழுதாவிட்டால்
அந்தக் கோணல் சுழி நான் போட்டது.

ஒரு சைபர் அடித்தேன்.
அழித்தேன்.
பிறகு, முழுத்தொகையின் முதல் எண்.
மூன்று.