ஒன்றரைப் பக்க அறிக்கை

மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
வட்டக் கூடாரங்களும் பலகை வேலிகளும்
நிலக்கரிப் புகைக்குள் இருமிக்கொண்டிருந்தன.

அங்கே புதிதாய் ஒரு தண்ணீர்க்கூடம் கட்டினேன்.
குழாய் உறையாது. அட்டையைக் காட்டினால் திறக்கும்.
பழையதைவிட நானூறு அடி பக்கம்,
அளந்தவன் நான்தான்.
யாரும் வரவில்லை.
ஒட்டியிருந்த வேலிக்காரன்கூட
என் கதவைத் தாண்டி
வண்டியை இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போனான்.

நன்றி கெட்ட சனம் என்று நான் திட்டிய வாரம்
நகராட்சி நர்மந்தாக்கை அனுப்பியது.
சமூகவியல் படித்தவளாம்.
அளவுநாடா இல்லை. ஒரு தெர்மாஸ்,
மை உறைந்துவிடும் என்பதால் ஒரு பென்சில்.
"இதை வைத்து என்ன செய்வாய்?"
"வரிசையில் நிற்பேன்."

பதினொரு நாள் நின்றாள்,
தானும் ஒரு கேனோடு.

தண்ணீர் சுமப்பது பிள்ளைகள், என்று தொடங்கியது அறிக்கை.
ஒரு மணிக்குப் பள்ளி விடும்.
ஒன்று முதல் இரண்டு வரை
என் கூடம் பூட்டியிருக்கும், காவலாளி சாப்பிட.
பழைய கூடத்து தாவாசூரென்
ஓய்வூதிய நாள்வரை கடன் தருவாள்;
நோட்டில் எழுதுவாள், உரக்கப் படிக்கமாட்டாள்.
அட்டைக்குக் கடன் தெரியாது.
அப்புறம், என் குழாய்க்கு வரும் வழியில்
மூன்றாம் வேலியில் ஒரு நாய், சங்கிலி இல்லாமல்.

நாயா!
நாலு மாதம் நிலத்துக்கு அடியில் இருப்பதையெல்லாம்
வரைந்து வைத்திருந்தேன்.
மேலே குரைத்தது காதில் விழவில்லை.

சாப்பாட்டு நேரத்தை மாற்றினோம்.
தாவாசூரெனை நோட்டோடு அழைத்து வந்தோம்.
அடுப்பருகே பெஞ்சு கேட்டாள், போட்டோம்.
சங்கிலி பன்னிரண்டாயிரம் துக்ரிக்.
குழாய்க்கு ஆன செலவை இங்கே சொல்வதாயில்லை.

பிப்ரவரியில் வரிசை வேலி முனைவரை வளைந்தது:
மஞ்சள் கேன், நீலக் கேன்,
குழந்தைவண்டியில் உட்கார்ந்து வந்த ஒரு பால் கேன்.

அறிக்கையின் கடைசி வரியைத்தான்
திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.
'பதினேழாம் எண் வீட்டார் எந்தக் கூடத்துக்கும் வருவதில்லை.
காரணம் எனக்குத் தெரியவில்லை.'
எங்கள் அலுவலகத்தில் எவனும்
இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை.

நேற்று அந்தப் பக்கம் போனேன்.
புகைபோக்கியில் புகை இருந்தது.
வாசலில் ஒரு வாளி,
விளிம்புவரை பனி அள்ளி வைத்திருந்தார்கள்.
கதவைத் தட்ட வாய்க்குள் ஒரு கேள்வி வேண்டுமே,
அது வரவில்லை.
கொஞ்ச நேரம் நின்றேன்,
கையில் கேன்கூட இல்லாமல்.