ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

மழைக்காலத்தில் காகிதம் வீங்கும்.
கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பார்த்தால் தெரியும்
அந்தத் தொல்லை.
கட்டைப் பிரித்துக் குண்டு பல்பின் கீழ்
அப்பளம்போல் பரப்பிக் காயவைத்தால்தான்
மெஷின் விழுங்கும்.
இல்லையென்றால் பாதியில் கடித்துக்கொண்டு நிற்கும்.

தாலுகா ஆபீசுக்கு எதிரே பதினோரு வருடம்.
பட்டா, ஆதார், சாதிச் சான்று,
பிறந்தவர்கள், இறந்தவர்கள்,
எல்லோரும் என் கண்ணாடிமேல்
குப்புறப் படுத்து எழுந்து போனவர்கள்.
எதையும் நான் படித்ததில்லை.
படித்தால் பிழைப்பு நடக்காது.

தவிட்டுமேட்டுப் போஜன் முதலில் வந்தது ஆனியில்.
மனு. ஐந்து நகல்.
மறுவாரம் அதே மனு, தேதி மட்டும் வேறு.
அதற்கு மறுவாரமும்.
ஏழாவது முறை மெஷின் கடித்துக்கொண்டது.
இழுத்தெடுத்த கசங்கலை
உள்ளங்கையால் நீவும்போது வாசித்துவிட்டேன்.
ஊற்றுக்குப் போகும் தடத்தில்
சொகுசு விடுதிக்காரர் இரும்புக் கேட் போட்டிருக்கிறார்.
பூட்டு இங்கே. சாவி கோயமுத்தூரில்.

ஊற்று என்பதை ஊத்து என்று எழுதியிருந்தார்.
திருத்தித் தரட்டுமா என்றேன்.
அவ்வளவுதான் ஆரம்பம்.
வேறு பெரிய காரணம் ஏதாவது சொல்ல
எனக்கும் ஆசைதான்.

சர்வே எண்ணைச் சேர்த்தேன்.
'கனிவுடன் பரிசீலிக்க' என்ற இடத்தை அடித்தேன்.
கனிவு எதற்கு, பாதை எங்களுடையது
என்று எழுதிவிட்டுப் பார்த்தால்
உங்களுடையது என்றல்லவா நான் எழுதியிருக்க வேண்டும்.
போஜன் ஒன்றும் சொல்லவில்லை.
கையெழுத்துக்குக் கீழே
கொஞ்சம் இடம் விட்டுத் தந்தார்.

ஐப்பசியில் கேட்டின் முன்னால் உட்கார்ந்தோம்.
இலை பறிக்கும் படங்குகளை விரித்து,
ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டு.
கேட்டை யாரும் தொடக்கூடாது,
சந்தனமேரி போட்ட ஒரே சட்டம்.
அவள் மகன் சாக்குக்குள் கடப்பாரை கொண்டுவந்திருந்தான்.
வாங்கித் தரையில் போட்டு
அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்
சாயங்காலம்வரை. எழுந்தபோது
இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவனைத் திட்டினாள்.

பதினொரு மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டது.
பக்கத்திலிருப்பவளின் இருமல் மட்டும் தெரிந்தது.
ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர்
பனிக்குள் பார்த்து
இருநூறு பேர் இருக்கும் என்று ஒயர்லெஸில் சொன்னார்.
நாங்கள் இருபத்து மூன்று பேர்.
யாரும் அவரைத் திருத்தவில்லை.
சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

பயமாக இருந்ததா என்று பிறகு கேட்டார்கள்.
இருந்தது.
பயத்தைவிட மூத்திரம் முட்டியது.
இதையெல்லாம் எந்த மனுவிலும் எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை கடைக்குக் கான்ஸ்டபிள் வந்தார்.
ஸ்டேஷன் மெஷினில் மை இல்லையாம்.
நாலு நகல், அவசரம்.
கண்ணாடிமேல் கவிழ்க்கும்போது பார்த்தேன்,
இப்போதெல்லாம் படித்துவிடுகிறேன்,
பொதுவழியை மறித்ததாகப் பெயர்ப் பட்டியல்.
மறித்தது நாங்களாம்.
பதினேழாவது: புணிதவதி, ஜெராக்ஸ் கடை.

மூன்று சுழி வராது சார், என்றேன்.
என்னது?
என் பேரில். ரெண்டு சுழி.
அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கடைப் பலகையைப் பார்த்தார்.
நீங்களே திருத்திடுங்கம்மா என்றார் மெதுவாக.

நீலப் பேனாவால் ஒரு சுழியைக் குறைத்தேன்.
நாலு நகல், எட்டு ரூபாய்.
பத்தாக நீட்டினார். சில்லறை இல்லை.
பாக்கி இரண்டு ரூபாய்க்கு
இன்னொன்று எடுத்து
நானே வைத்துக்கொண்டேன்.

கேட் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.
திங்கட்கிழமை மறுபடி.
நோட்டீஸ் நூறு வேண்டும் என்றார் போஜன்.
இன்றைக்கும் தூறல் விடவில்லை.
பல்பைப் போட்டுக்
காகிதத்தைப் பரப்பியிருக்கிறேன்.