மெல்லிய வட்டு

புன்டா அரேனாசில் இன்று காற்று
மணிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
பிடித்துக்கொண்டு நடக்கத்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டார்கள்.
நான் ஆய்வகத்தின் அடித்தளத்தில்,
ஈரச் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு,
ஆறிப்போன மாத்தேயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாற்பதுக்கு எச்சரிக்கை வந்தது.
'செவி மூன்று. வட்டு தொண்ணூற்றெட்டு விழுக்காடு.'

செவி மூன்று ஓர் இயந்திரமல்ல.
இன்னோர் இயந்திரத்துக்குள் இருந்துகொண்டு
தன்னை இயந்திரம் என்று நம்புகிறது.
அதன் வயிறு ஒரு கோப்பு,
முதுகெலும்பு சில வரி அமைப்பு.
நீரிணையின் அடியில் நாங்கள் இறக்கிய
நான்கு ஒலிவாங்கிகளும்
இரவு பகலாக அதற்குத்தான் ஊட்டுகின்றன.
இடம் கொடுத்தால் மடத்தையே கேட்கும் கடல்.

இஸ்மேனியாவை எழுப்பினேன்.
"ஜூன் மாதத்தை அழித்துவிடலாமா?
முப்பது நாளும் ஒரு திமிங்கிலம்கூட இல்லை.
வெறும் தண்ணீர்."
அந்தப் பக்கம் போர்வை விலகும் சத்தம்.
"அந்தத் தண்ணீர்தான் வேண்டும்.
பதினேழாம் தேதி ஆறு மணி நேரம்
ஒரு கப்பலும் போகவில்லை.
அப்படி ஒரு இரவு இனி எனக்கு எங்கே கிடைக்கும்?"
வைத்துவிட்டாள்.

சரி, அழிக்கவேண்டாம். சேர்ப்போம்.

புதிய வட்டு. அளவு என்ன என்று கேட்டது.
இரண்டு டெராபைட் என்று எழுதினேன்.
கையில் இருந்ததோ அறுநூறு ஜிகா.
வகை என்ன என்று கேட்டது. 'மெல்லியது' என்றேன்,
அதாவது, எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும்,
அதுவரை வெறும் வாக்கு.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
சொன்னவர்கள் இந்த அடுக்களையை எட்டிப் பார்க்கவில்லை,
இங்கே அடுப்பும் ஏட்டில்தான் எரிகிறது.

அதை அணைக்கவில்லை, தூங்கவும் சொல்லவில்லை.
ஓடுகிறவன் முதுகில் ஓடியபடியே
இன்னொரு பையை மாட்டினேன்.
அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
'உனக்கு ஒன்று வந்திருக்கிறது, தேடு'
என்று கட்டளையிட்ட பிறகுதான்
பட்டியலில் அது முளைத்தது.
எஸ்டிஏ.
எஸ்டிபி.

இதில் எஸ்டிஏ முழு ஆண்டுக் கடல்,
எஸ்டிபி ஒன்றுமே இல்லை.
இடையில் ஒரே ஓர் எழுத்து.
வால்டிவியாவில் ஹெரிபெர்த்தோ இப்படித்தான்
ஓர் எழுத்து பிசகி
பதினொரு மாத நிலநடுக்கத்தைத் துடைத்துவிட்டான்.
இப்போது படகுக்கு அடிக்கும் பெயின்ட் விற்கிறான்.
நன்றாகத்தான் இருக்கிறான்.

மூன்று முறை படித்தேன்.
வாய்விட்டு ஒரு முறை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும்.
'ஆம்' என்று தட்டியதும்
கூரைத் தகரம் ஒன்று எங்கோ பிய்ந்து பறந்தது.
சத்தியமாக என் வேலைதான் என்று நினைத்தேன்.

எதுவும் ஆகவில்லை.
கோப்புமுறை விரிந்தது,
'புதுக்கடல்' என்ற அடைவில் அதைக் கோர்த்தேன்.
மறுதொடக்கத்தில் மறந்துபோகும் பிறவி என்பதால்
அட்டவணையில் ஒரு வரி எழுதியும் வைத்தேன்.

மூன்று இருபத்தொன்றுக்கு
முதல் கோப்பு வந்து இறங்கியது.
ஒலிவாங்கி இரண்டு. கேட்டுப் பார்த்தேன்.
துறைமுகச் சங்கிலி ஒன்று
கூழாங்கல்லில் புரள்கிறது,
அவ்வளவுதான்.
எங்கள் உண்மையான இடத்தில்
நாலு ஜிகா குறைந்தது.

விடியும்வரை கணக்குப் போட்டேன்.
ஏழு இயந்திரங்களுக்கு நான் கொடுத்த வாக்கு
மொத்தம் பதினான்கு டெராபைட்.
அலமாரியில் இருப்பது ஐந்து.
ஏழு பேரும் ஒரே நாளில் வந்து கேட்டால்
வங்கி கவிழ்வதுபோல் கவிழ்வேன்.
சாந்தியாகோவிலிருந்து வட்டு வரவேண்டும்,
அர்ஜென்டினா வழியாக லாரியில், மூன்று வாரம்,
காற்று விட்டால்.

நிர்வாகி டோன் எவாரிஸ்தோவுக்கு
காலை ஆறு மணிக்கு ஒரு மடல்:

'மதிப்புக்குரிய ஐயா,
ஒன்பது டெராபைட் இடம்
ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.
தயவுசெய்து வாங்கித் தரவும்.
நேரினா பாரியா, அடித்தளம்.'