எங்கும் சுழியாகாது எனக் கொள்க

எர்சுருமில் பிப்ரவரி.
இரட்டைக் கண்ணாடிச் சன்னலின் இடுக்கில்
போன கோடையின் ஈ ஒன்று
கால் மடக்கிக் கிடக்கிறது.
கணிதத்துறை, மூன்றாம் மாடி, நான், ஹீட்டர்,
குழு திருப்பியனுப்பிய என் ஆய்வேடு.

பதினோராம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல்:
ஆனால்?

அது சுட்டுவது ஒரே வரியை.
"தொடுதிசையனின் நீளம்
எங்கும் சுழியாகாது எனக் கொள்க."
எல்லோரும் எழுதும் வரி.
வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல்
யோசிக்காமல் எழுதிவிட்டு உள்ளே போய்விடுவோம்.

சீனிக்கட்டியைப் பல்லில் கடித்தபடி
இந்த ஊர் வழக்கத்தில் தேநீர் குடிக்கிறேன்.
கிளாஸை எடுத்தால்
தாளில் ஈர வட்டம்.

சரி, இதையே வைத்துக்கொள்வோம்.
நெடுக்கே காலம், குறுக்கே இடம்.
இடத்தின் வர்க்கத்தோடு காலத்தின் வர்க்கத்தைக்
கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும்.
அந்த ஒற்றைக் கழித்தல் குறிதான்
பன்னிரண்டு வருடமாய் என் வாடகையைக் கட்டுகிறது.

கண்ணுக்கு வட்டம் எங்கும் ஒரே வளைவு.
கணக்குக்கு அப்படியில்லை.
மேலும் கீழும் அது இடத்தின் வழி போகிறது,
இடமும் வலமும் காலத்தின் வழி.
வழி மாறும் முனைகள் நான்கு,
மிகச் சரியாய் நாற்பத்தைந்து பாகையில்.
அங்கே தொடுதிசையனுக்குத் திசை உண்டு,
நீளம் கிடையாது.
தனக்குத்தானே செங்குத்தாய் நிற்கிறது.
சூத்திரத்தின் அடியில் போய்ச்
சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்கிறது சுழி.

பதினொன்றரைக்குத் துன்ஜாய் கூப்பிட்டான்.
தப்ரீஸ் போகும் லாரி, தாஹிர் கணவாயில் பனி,
பாதையை மூடிவிட்டார்களாம்.
"அக்கா, இன்னும் வளைவுகள்தானா?
எனக்கு ஒரு நாளைக்கு இருநூறு வளைவு.
ஒருத்தனும் பட்டம் தரக் காணோம்."

என்னைவிட இரண்டு வயது இளையவன்.
ஓட ஓட இன்னும் கொஞ்சம் இளையவன் ஆகிறான்.
என் வெளியில் நேராய் நிற்பவளுக்கே நீளம் அதிகம்,
சுற்றிப் போய் வருகிறவனுக்குக் குறைவு.
ஒருமுறை கணக்கிட்டுக் காட்டினேன்:
இருபது வருட ஓட்டத்தில்
நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.
"மலையைச் சேர்த்தாயா?" என்றான்.
சேர்க்கவில்லை. என் வெளி தட்டை.
அதில் மலை கிடையாது, கணவாய் கிடையாது.
வெகுநேரம் சிரித்தான்.

இன்றைக்குச் சிரிக்கவில்லை.
"இன்ஜினை அணைத்துவிட்டேன், டீசல் குறைவு.
எச்சரிக்கை விளக்கை மட்டும் விட்டிருக்கிறேன்,
பின்னால் வருகிறவனுக்குத் தெரியணுமே."
பிறகு பேட்டரியை மிச்சம் பிடிக்க
வைத்துவிட்டான்.

அந்த விளக்கு ஒருமுறை சிமிட்டுவதற்கும்
யாரோ ஒரு டிரைவர் கண்ணில் அது படுவதற்கும்
இடையே உள்ள நீளம்
என் கழித்தல் குறியின்படி
சுழி.
சிமிட்டியது ஓரிடம், பட்டது வேறிடம்.
இரண்டும் ஒரே நொடிகூட இல்லை.
நடுவே பனி கொட்டுகிறது,
பிரேக்கில் ஒரு கால் இருக்கிறது.
எல்லாம் அந்தச் சுழிக்குள்தான் நடக்க வேண்டும்.
அதைத்தான் நான்
நிகழாது எனக் கொண்டிருந்தேன்.

வரியை அடித்தேன்.
அடித்ததும் நூற்றுநாற்பது பக்கம் ஆட்டம் கண்டது.
மறுபடி கிளாஸின் வட்டம்.
முனையை நெருங்க நெருங்க
வில்லின் நீளம் ஒன்றரை அடுக்கில் தேய்கிறது,
வளைமை எல்லை தாண்டிப் போகிறது.
வட்டத்துக்கு எதுவும் ஆகவில்லை.
அந்த நான்கு இடத்திலும்
ஈரம் அதே ஈரம்தான்.
வெடித்தது என் அளவுகோல்.

வேறு அளவுகோல் தேடி
நான்கு பக்கம் எழுதினேன்.
இரண்டாவது தவறு, கிழித்தாயிற்று.

ஐந்து மணிக்கு முன் ஒரு செய்தி,
ஒரே சொல்: "நகர்கிறோம்."
தாளில் வட்டம் காய்ந்து
பழுப்பு விளிம்பு மட்டும் மிச்சம்.
இப்போது எந்த நான்கு என்று
விரல் வைத்துக் காட்டச் சொன்னால்
பாகைமானியைத் தேட வேண்டும்.